வந்தவர் என்ன கொண்டுவந்தார்?

அன்புள்ள அக்கா,

நான் அரசறிவியல் படிக்கிறேன். 2008 அமெரிக்க நிதி நெருக்கடியில், குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராக இருந்த ஜோன் மெக்கெய்ன் தேர்தல் பிரசாரத்தை நிறுத்திவிட்டு வொஷிங்டனுக்குப் போனதைப் பற்றி ஒப்படை எழுதவேண்டும். அது வெறும் நாடகம் என்கிறார் விரிவுரையாளர். எனக்கு மனம் ஒப்பவில்லை. 2020 தேர்தலில் எங்கள் ஊருக்கு வந்த ஒரு வேட்பாளரும் தன் கூட்டத்தை விட்டுவிட்டு, நுண்கடன் எடுத்த பெண்களோடு மரத்தடியில் வந்து இருந்தார். அம்மாவும் அங்கே இருந்தா. "வந்தாரே பிள்ளை, அதுவே பெரிசு" என்று இன்றைக்கும் சொல்லுவா. அம்மா சொல்வது சரிதானே அக்கா? வாசிக்க நல்ல புத்தகங்களும் சொல்லுங்கள்.

ஒரு வாசகி, முள்ளியவளை

அன்புள்ள பிள்ளை,

புத்தகத்தை நூலகரிடம் கேள். விரிவுரையாளரோடு நீயே வாதாடு, அதற்குத்தானே கம்பஸ். நான் எழுத உட்கார்ந்தது உன் அம்மாவின் ஒரு சொல்லுக்காக. "வந்தாரே." கொஞ்ச நாளாக என் தலைக்குள்ளும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

மெக்கெய்ன் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். அந்த மனிதர் கோழை இல்லை. வியட்நாமில் ஐந்தரை வருடம் சிறையிருந்தவர். நாட்டுக்காகத்தான் போகிறேன் என்று அவர் உண்மையாகவே நம்பியிருக்கலாம். செப்ரெம்பர் 24இல் பிரசாரத்தை நிறுத்துவதாக அறிவித்தார். 26ஆம் திகதி மிசிசிப்பியில் ஒபாமாவோடு நடக்கவிருந்த விவாதத்தையும் தள்ளிவைக்கக் கேட்டார். 25ஆம் திகதி வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி புஷ், ஒபாமா, இரண்டு கட்சித் தலைவர்கள் எல்லாரும் கூடினார்கள். அந்த மேசையில் மெக்கெய்ன் அதிகம் பேசவில்லை. முன்வைக்க அவரிடம் திட்டமும் இருக்கவில்லை. கூட்டம் சண்டையில் முடிந்தது. ஒரு முடிவும் வராமலே மறுநாள் விவாத மேடைக்குப் போனார். 29ஆம் திகதி, வங்கிகளைக் காப்பாற்றுவதற்கான 70,000 கோடி டொலர் மீட்புத் திட்டம் 228க்கு 205 என்று பிரதிநிதிகள் சபையில் தோற்றது. அவருடைய கட்சிக்காரரில் 133 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். யாரை இணங்கவைக்கப் போனாரோ, அவர்களே. ஒக்ரோபர் 3இல்தான் அது நிறைவேறியது. உன் ஒப்படைக்கு இது போதும்.

பிரசாரத்தை நிறுத்துகிறேன் என்ற மெக்கெய்னின் அறிவிப்பை நான் போர்க்கால வன்னியில், விசுவமடுவில் ஒரு தறப்பாள் கொட்டிலில் கேட்டேன். பற்றரி கிடையாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, தம்பி பெடலைச் சுற்ற, டைனமோவில் வானொலி பாடும். அவன் கை ஓய்ந்தால் செய்தி இழுபடும். அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் வங்கி விழுந்தது செப்ரெம்பர் 15. அதற்கு அடுத்த நாள்தான், அரசு வெளியேறச் சொன்னபடி, தொண்டு நிறுவனங்களின் வாகனங்கள் கிளிநொச்சியைவிட்டுப் போயின. போகாதேங்கோ என்று கேட்டுச் சனம் அவர்களுடைய வாசல்களை மறித்து நின்றது. நானும் நின்றேன். கேற்றுக்கு உள்ளே இருந்தவர்கள் எங்கள் முகத்தைப் பார்க்காமல் பெட்டிகளைக் கட்டினார்கள்.

அதற்குப் பிறகு ஒரு கிழமை கழித்துத்தான் பிபிசி தமிழோசை வானொலியில் மெக்கெய்ன் செய்தி வந்தது. அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் அம்மா சுளகைக் கீழே வைத்தா. "அங்கை பார், எல்லாத்தையும் விட்டுட்டு வாறாராம்" என்று சொன்னா. கண் கலங்கியிருந்தது. அமெரிக்க வங்கியைப் பற்றி அம்மாவுக்கு என்ன தெரியும்? நிற்கவேண்டியவர்கள் எங்களை விட்டுவிட்டுப் போன மாதத்தில், எங்கேயோ ஒருவர் விட்டுவிட்டு வருகிறார் என்பதே அவவுக்குப் போதுமாக இருந்தது.

ஆகையால் உன் அம்மாவோடு எனக்குக் கோபமே இல்லை. வன்னிச் சனத்துக்கு "வந்தாரே" என்பது சின்னச் சொல் இல்லை. ஒருத்தரும் வராத மாதங்களைக் கண்ட சனம் இது.

கோபம் உன்னோடுதான். நீ படிக்கிற பிள்ளை. அம்மா நன்றியில் சொன்னதை நீ தீர்ப்பாக எழுதலாமா? வந்தவர் என்ன கொண்டுவந்தார், யாருடைய நேரத்தில் வந்தார் என்று ஒரு வரி கேட்டாயா?

எங்கள் ஊருக்கும் அதே தேர்தலில் ஒருவர் வந்தார். உங்கள் ஊருக்கு வந்தவரோ வேறொருவரோ, அது முக்கியமில்லை. காலை ஏழு மணிக்குப் பெண்களைக் கூப்பிட்டு இருத்தினார்கள். அவர் வந்தது பத்தரைக்கு. என் பக்கத்து வீட்டு அக்கா அன்றைக்கு மிளகாய் பிடுங்கும் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தா. எல்லாத்தையும் விட்டுவிட்டு வந்தது யார் என்று இப்போது சொல்லு.

அவவிடம் ஒரு கேள்வி இருந்தது. 2018இல் அரசு வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் நுண்கடனைத் தள்ளுபடி செய்தது. ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடனாக இருக்கவேண்டும், மூன்று மாதத்துக்கு மேல் கட்டாமல் விட்டிருக்கவேண்டும். இந்த அக்கா ஒரு கிழமையும் பிந்தியதில்லை. தோட்டை விற்றுக் கட்டினா, கோழிகளை விற்றுக் கட்டினா. குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரின் தலையில் விழும் என்பதற்காகவே கட்டினா. ஒழுங்காகக் கட்டியவளுக்கு ஒரு சதமும் தள்ளுபடி இல்லை. பொலித்தீன் பையிலிருந்து கடன் புத்தகத்தை எடுத்து நீட்டி, "பிந்தினவைக்குத் தள்ளிவிட்டினம், பிந்தாத எனக்கு என்ன வழி ஐயா?" என்று கேட்டா.

அவருக்கு அப்படியொரு நிபந்தனை இருந்ததே தெரியவில்லை. புத்தகத்தை வாங்கித் திறக்கவுமில்லை. "எல்லாம் பாப்பம் அம்மா" என்று தலையில் கையை வைத்தார். படம் எடுத்தார்கள். நாலு மணிக்கு வழமைபோலக் கடன் தவணைக்காசு வாங்குகிறவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். அக்காவின் கையில் காசில்லை. மற்ற நாலு பேரும் போட்டுக் கட்டினார்கள்.

நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான் பிள்ளை. மெக்கெய்னும் இவரும் வந்தது குற்றமில்லை. கணக்கை வாசிக்காமல் வந்தது குற்றம். கடன்பட்டவர் முன்னால் வந்து இருக்கிறவருக்கு வட்டி எவ்வளவு, கிழமைக்கு எவ்வளவு, யார் பிணை என்று தெரிந்திருக்கவேண்டும். தெரியாதென்றால் அந்தப் புத்தகத்தையாவது திறக்கவேண்டும். 2022 ஏப்ரல் 12இல் இந்த நாடே வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்துவிட்டு நிறுத்தியது. என் பக்கத்து வீட்டு அக்காவுக்கு அப்படி அறிவிக்க ஒரு இடமும் இருக்கவில்லை. அந்தக் கிழமையும் கட்டினா.

அம்மாவோடு சண்டை பிடிக்காதே. பின்னேரம் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு ஒன்று கேள்: அன்றைக்கு நீங்கள் கதைத்தபோது அவர் ஏதாவது எழுதிக்கொண்டாரா? அம்மாவின் கடன் புத்தகம் பெட்டிக்குள் இருந்தால் எடுத்துப் பக்கம் பக்கமாக வாசி. ஒப்படையின் முதல் பக்கத்தை அதிலிருந்து எழுது. எழுதி முடித்ததும் எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
அக்கா