10 மீட்டர் ஏர் பிஸ்டலில் 600 ஏன் எட்டவில்லை?

ஏர் ரைபிளில் 630-ஐத் தாண்டுகிறார்கள், பிஸ்டல் சாதனை மட்டும் ஏன் 594 என்று கேட்டிருக்கிறீர்கள். கணக்கு முறையே வேறு. ரைபிள் தகுதிச் சுற்றில் குண்டுக்கு 10.9 வரை தசமம் உண்டு. பிஸ்டலில் முழு எண்தான், 60 குண்டுக்கு உச்சம் 600. தென் கொரியாவின் ஜின் ஜாங்-ஓ 2009-இல் சாங்வோனில் எடுத்தது 594.

இலக்கில் பத்து புள்ளி தரும் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. 4.5 மி.மீ. குண்டின் விளிம்பு தொட்டாலே பத்து. ஆக மையத்திலிருந்து 8 மி.மீ. வரை தப்பலாம். தாராளம்தான். ஆனால் குறிபார்க்கத் துப்பாக்கி மேலுள்ள முன் குறிமுனைக்கும் பின் குறிக்கும் இடையே சுமார் 32 செ.மீ. இருக்கும்போது, இரண்டும் நேராக நிற்கும் சீரமைவு கால் மி.மீ. பிசகினாலே அந்த 8 மி.மீ. காலி. கை ஆட்டம் இவ்வளவு கெடுக்காது; டிரிக்கரை வெடுக்கென இழுப்பதுதான் முனையைச் சாய்க்கிறது.

இறுதிச் சுற்று 24 குண்டு, தசமக் கணக்கு. அந்தச் சாதனைகள் தனிப் பட்டியல்.