777-ஐ விட முக்கியம் வரிசை எண்

டல்லாஸிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். பைலட்டான மகள், சிறு ஊர்களை இணைக்கும் ரீஜனல் விமானக் கம்பெனி ஒன்றில் எம்பிரேயர் 175 என்ற சின்ன ஜெட் ஓட்டுகிறாள். அடுத்து எந்தப் பெரிய விமானக் கம்பெனி, சவுத்வெஸ்ட்டா, அமெரிக்கனா, டெல்டாவா என்று வீட்டில் தினமும் பேச்சு. பெரிய விமானம் உள்ள இடம்தான் நல்லது என்பது உங்கள் கட்சி. அவளுக்கோ டல்லாஸை விட்டுப் போக மனமில்லை.

இந்தக் கம்பெனிகளில் வேலையில் சேரும்போது ஒரு சீனியாரிட்டி எண், அதாவது வரிசை எண், கொடுப்பார்கள். நன்றாக ஓட்டுகிறாள் என்பதற்காக அது முன்னேறாது. மேலே இருப்பவர்கள் ஓய்வு பெற்றாலோ விலகினாலோதான் நகரும். காலி இடம் அறிவித்ததும், எந்த ஊர், எந்த விமானம், கேப்டனா ஃபர்ஸ்ட் ஆபீசரா (துணை பைலட்) என்ற மூன்றையும் சேர்த்து பிட் போடவேண்டும், அதாவது விருப்பம் தெரிவித்து விண்ணப்பிக்கவேண்டும். மூத்தவர் கேட்டது போக மிச்சம்தான் இளையவருக்கு.

கம்பெனியிடம் எத்தனை ரக விமானம் இருக்கிறது என்பது இங்கேதான் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும். சவுத்வெஸ்ட்டில் எல்லாமே போயிங் 737. ஒரு கேப்டன் 65 வயதில் ஓய்வு பெற்றால் ஒரு ஃபர்ஸ்ட் ஆபீசர் மேலே போவார், கீழே புதிதாக ஒருவர் வருவார். அவ்வளவுதான். அமெரிக்கனில் 737, ஏர்பஸ் 320 குடும்பம், இவற்றைவிடப் பெரிய போயிங் 777, 787 என்று நான்கு. அங்கே ஒரு 777 கேப்டன் போனால் அந்த இடத்துக்கு 787 கேப்டன், அவர் இடத்துக்கு ஏர்பஸ் கேப்டன், அவர் இடத்துக்கு 787 ஃபர்ஸ்ட் ஆபீசர் என்று சங்கிலி நீளலாம். ஒவ்வொருவரும் சிமுலேட்டரில் உட்கார்ந்து புது விமானம் படிக்கவேண்டும். முழுப் பயிற்சி என்றால் ஒன்றரை, இரண்டு மாதம் பிடிக்கும். அவ்வளவு செலவழித்த கம்பெனி, அடுத்த பிட்டுக்கு உடனே விடாது. சில காலம் அதே இருக்கையில் பூட்டி வைத்துவிடும்.

குடும்பத்தார் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. டல்லாஸ் 737 ஃபர்ஸ்ட் ஆபீசர்கள் நூறு பேரில் அவள் நாற்பதாவது என்று வையுங்கள். லீவு அந்த நூறு பேருக்குள் உள்ள வரிசைப்படிதான், அதனால் விரும்பிய நாளில் ஓரளவு கிடைக்கும். ஆசைப்பட்டு 787-க்கு மாறினால், அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் மூத்தவர்கள், நூறில் தொண்ணூற்றைந்தாவது ஆகிவிடுவாள். கம்பெனி எண் அதேதான், ஆனால் தீபாவளியன்று ரிசர்வ் டியூட்டியில், கம்பெனி எப்போது கூப்பிடுமோ என்று போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சம்பளம் கூடும், வாழ்க்கை சுருங்கும். இதற்குப் பயந்து, எண் இருந்தும் பெரிய விமானத்துக்கு மாறாதவர்கள் நிறைய.

ஒரே ரகம் பத்திரம் என்றும் சொல்லமாட்டேன். 2019 மார்ச்சில் 737 மேக்ஸ் என்ற புது ரகம் பறக்கத் தடை விதிக்கப்பட்டபோது சவுத்வெஸ்ட்டின் 34 விமானங்கள் நின்றன. பறக்கும் நேரம் குறைந்தது, சம்பளமும் அடிபட்டது. சவுத்வெஸ்ட் பைலட் சங்கமே போயிங் மேல் வழக்குப் போட்டது. பல ரகமும் காப்பாற்றிவிடாது. 2020-இல் டெல்டா தன் 18 போயிங் 777-களையும் மொத்தமாக ஓய்வு கொடுத்து அனுப்பியது. அதை ஓட்டியவர்கள் வேறு ரகத்துக்கு மாறி மறுபடி பயிற்சிக்குப் போகவேண்டியதாயிற்று. மூத்தவர் இறங்கி வந்தால் அங்கே இருக்கும் இளையவர் இன்னும் கீழே தள்ளப்படுவார். மேலே போகும் அதே சங்கிலி, தலைகீழாக.

உங்கள் வீட்டுக்கு வருகிறேன். டெல்டாவுக்கு டல்லாஸில் பைலட் பேஸ், அதாவது பைலட்டுகள் டியூட்டி தொடங்கும் தளம், இல்லை. அட்லாண்டா மாதிரி ஓர் ஊருக்குப் பயணியாகப் பறந்து போய்த்தான் டியூட்டியையே தொடங்கவேண்டும். அமெரிக்கன், சவுத்வெஸ்ட் இரண்டுக்கும் டல்லாஸில் பேஸ் உண்டு. இரண்டுக்கும் விண்ணப்பிக்கட்டும், முதலில் கூப்பிடும் இடத்தில் சேரட்டும். 777-க்காகக் காத்திருந்து, புதிதாகச் சேருபவர்களின் பயிற்சி வகுப்பு ஒன்றைத் தள்ளிப்போட்டால், அந்த வகுப்பில் சேர்ந்த அத்தனை பேரும் ஓய்வு பெறும்வரை அவளுக்கு முன்னால்தான் நிற்பார்கள்.

இன்னொன்று: புதியவருக்கு எடுத்தவுடன் டல்லாஸ் கிடைக்காமலும் போகலாம். அதனால் அங்கே வீடு வாங்கும் பேச்சை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள்.