எது ஓடும்?

கேள்வி: ஆசிரியர் ஐயா, அனிமேஷன் படங்களைப் பற்றி மாதாமாதம் எழுதுகிறீர்கள். எந்த மாதிரிக் கட்டுரை நன்றாக ஓடும்? அதிகம் பேர் எதைப் படிக்கிறார்கள்?
– கல்லூரி மாணவர், ஈரோடு

பதில்: 'ஓடும்' என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி. அந்தச் சொல்லை விட்டு நகர மனம் வரவில்லை. நாம் எதைத்தான் ஓட விடவில்லை? படம் ஓடும், கடை ஓடும், பொழுது ஓடும், கடன் வாங்கியாவது குடும்பம் ஓடும். அனிமேஷனில் மட்டும் எதுவும் தானாக ஓடாது. ஒரு பூனை ஓட வேண்டும் என்றால் யாரோ ஒருவர் மேசையில் குனிந்து உட்கார்ந்து அதன் நாலு காலையும் வரைய வேண்டும்.

திரையில் விநாடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படம். ஓர் ஓவியத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தி வைத்தாலும் விநாடிக்கு 12 ஓவியம். டாம் ஐந்து விநாடி சோபாவைச் சுற்றி ஓட 60. முன்னால் ஓடும் ஜெர்ரிக்கு இன்னொரு 60. வேகம் கூடினால் இதுவும் போதாது, ஒவ்வொரு பிரேமுக்கும் ஒன்று வரைய வேண்டும். உடம்பு திரும்பிய பிறகு வால் எவ்வளவு தாமதமாகத் திரும்பும் என்பதுவரை யோசித்திருப்பார்கள். பென்சிலில் வரைந்ததைக் கண்ணாடிபோல் தெரியும் செல்லுலாய்டு தாளில் மையால் எடுத்து, தாளைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் வண்ணம் பூசுவார்கள். அந்தப் பக்கம் பூசினால்தான் முன்னால் இருக்கும் கோடு கெடாது. அமெரிக்க ஸ்டூடியோக்களில் இந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அந்தக் காலக் குறும்படங்களில் அவர்கள் பெயர் திரையில் வந்ததில்லை. இதைப் பலமுறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன்.

அப்புறம் டிவி வந்தது. டாம் அண்ட் ஜெர்ரியைப் படைத்த வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் 1957-ல் சொந்த நிறுவனம் தொடங்கினார்கள். டிவி கொடுத்த பணத்தில் பழையபடி வரைய முடியாது. அதனால் ஓட்டத்துக்குச் சில ஓவியங்களை மட்டும் வரைந்து அவற்றையே திரும்பத் திரும்ப வைத்தார்கள். பின்னணியும் சுற்றிச் சுற்றி வரும். அதே நாற்காலி, அதே விளக்கு, அதே ஜன்னல், மறுபடியும் அதே நாற்காலி. அவர்கள் டிவிக்குப் படைத்த யோகி கரடி காட்டில் வாழ்கிற பிராணி. அதற்கு எதற்குக் காலரும் டையும்? உடம்பை ஒரு தாளில் அசையாமல் வைத்துவிட்டு, தலையை மட்டும் வேறு தாளில் மாற்றி மாற்றி வரைவார்கள். இரண்டும் சேரும் இடம் கழுத்து. அந்த ஒட்டு தெரியாமல் காலர் மறைத்துவிடும். எனக்கு இது தெரிந்த நாளிலிருந்து எந்தக் கார்ட்டூனைப் பார்த்தாலும் முதலில் கழுத்தைத்தான் பார்க்கிறேன்.

இந்தக் காலர் விஷயத்தை ஒரு முழுக் கட்டுரையாகவே எழுதினேன். வந்த கடிதங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எது ஓடும்? 'கடைசி எபிசோட்' ஓடும். சாவு ஓடும். டாமும் ஜெர்ரியும் தண்டவாளத்தில் உட்கார்ந்து தற்கொலை செய்துகொண்டார்கள், அதுதான் கடைசிப் படம் என்று யாராவது எழுதினால் அதைப் படிக்காதவரே இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பத்திரிகை இதை அப்படியே போட்டது. தவறு என்று ஆதாரத்தோடு எழுதி அனுப்பினேன். திருத்தம் வரவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

நடந்தது இதுதான். அந்தப் படம் 'ப்ளூ கேட் ப்ளூஸ்', 1956 நவம்பரில் வந்தது. டாம் ஒரு வெள்ளைப் பூனையைக் காதலிக்கிறான். அவன் வாங்கித் தரும் மோதிரத்தின் கல்லைப் பார்க்கப் பூதக்கண்ணாடி வேண்டும். பணக்காரப் பூனை புட்ச் தரும் கல்லைப் பார்க்கக் கண்கூசி, வெல்டிங் முகமூடி வேண்டும். காதல் தோற்று டாம் தண்டவாளத்தில் போய் உட்காருகிறான். ஜெர்ரியின் காதலியும் வேறொருவனைக் கட்டிக்கொண்டு போக, ஜெர்ரியும் பக்கத்தில் வந்து உட்காருகிறான். ரயிலின் ஊதல் கேட்கிறது, படம் முடிகிறது. ரயில் மோதுவதை யாரும் காட்டவில்லை. அடுத்த மாதமே இருவரும் புதுப் படத்தில் வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஹன்னா-பார்பெரா கையால் மொத்தம் 11 படங்கள் வந்தன. எம்.ஜி.எம். ஸ்டூடியோவில் அவர்கள் எடுத்த 114 டாம் அண்ட் ஜெர்ரி படங்களில் கடைசி, 1958-ல் வந்த 'டாட் வாட்சர்ஸ்'. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த பெண் போனில் பேசிக்கொண்டே இருக்கிறாள், குழந்தை தவழ்ந்து வெளியே போய்விடுகிறது. ஜென்மப் பகைவர்கள் இருவரும் சண்டையை மறந்து அதன் பின்னால் ஓடுகிறார்கள். கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்தின் இரும்புச் சட்டங்களில் குழந்தை பாட்டுக்குத் தவழ்கிறது, இவர்களுக்குத்தான் உயிர் போகிறது. கடைசி என்றால் இதுவல்லவா கடைசி! இதை யார் எழுதுகிறார்கள்?

உண்மையான சாவு வேறிடத்தில் நடந்தது. பழைய படங்களையே மறுபடி வெளியிட்டால் புதுப் படத்துக்குக் கிட்டத்தட்ட ஈடான வருமானம் வருகிறது என்று எம்.ஜி.எம். கணக்குப் பார்த்தது. டாம் அண்ட் ஜெர்ரியால் மட்டுமே 7 ஆஸ்கர் வாங்கிக் கொடுத்த கார்ட்டூன் பிரிவை 1957-ல் மூடச் சொல்லி ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த படங்கள்தான் 1958 வரை வந்தன. அவ்வளவுதான். தண்டவாளமும் இல்லை, ரயிலும் இல்லை.

ஜப்பானிலும் இதே கதைதான். எதிர்காலத்திலிருந்து வந்த ரோபோப் பூனை டோரேமானின் கதை முழுவதும், படுக்கையில் கிடக்கும் ஒரு நோயாளிச் சிறுவனின் கனவு என்று ஒரு வதந்தி பல வருடங்களாகச் சுற்றுகிறது. அதைப் படைத்த ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ அப்படி எதையும் எழுதவில்லை. அவர் எழுதிய பிரிவுக் கதை ஒன்று உண்டு. 1974 மார்ச்சில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான பத்திரிகையில் வந்தது. டோரேமான் எதிர்காலத்துக்குத் திரும்பிப் போக வேண்டிய நாள் நெருங்குகிறது. முந்தின இரவு, அது துணையாக இருந்து காத்துவந்த சிறுவன் நோபிட்டா, முரட்டுப் பையன் ஜியானிடம் மாட்டிக்கொள்கிறான். டோரேமானைக் கூப்பிட வாய் வருகிறது, பொத்திக்கொள்கிறான். அடி வாங்குகிறான், விழுகிறான், எழுந்து மறுபடி ஜியானின் காலைப் பிடிக்கிறான். கடைசியில் ஜியான் அலுத்துப்போய் தோற்றேன் என்று போய்விடுகிறான். தேடி வந்த டோரேமானிடம் நோபிட்டா, தனியாக நின்று ஜெயித்துவிட்டேன், நீ நிம்மதியாகப் போகலாம் என்கிறான். காலையில் அறை காலியாக இருக்கிறது.

அடுத்த மாதமே டோரேமான் திரும்பி வந்துவிட்டது, அது வேறு விஷயம். அந்தக் காலி அறையை நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கும். இதை எழுதினால் ஓடாது என்று சொல்லி யாரும் என்னை நிறுத்த முடியாது, வரும் இதழில் இதற்கு நான்கு பக்கம்.

நீங்களும் எழுதுங்கள், தம்பி. தலைப்பில் 'கடைசி எபிசோட்' என்று போட்டாலும் வெளியிடுகிறேன். ஒரே நிபந்தனை, 'ப்ளூ கேட் ப்ளூஸ்' படத்தை முதலிலிருந்து முடிவுவரை நீங்களே ஒருமுறை பார்த்திருக்க வேண்டும். ஏழு நிமிடம்தான் ஓடும்.