சுப்ரீம்ஸ் ஆல்பம் ரெண்டு காதுல ரெண்டு விதமா கேக்குதா? ஹெட்போன் மேல தப்பு இல்ல

வாசகி ஒருத்தங்க கேட்டிருக்காங்க: அறுபதுகள்ல கலக்குன அமெரிக்கப் பெண்கள் குரூப் சுப்ரீம்ஸோட "வேர் டிட் அவர் லவ் கோ" ஆல்பத்த ஃப்ரெண்டு சொல்லி ஆப்ல தேடினேன், அதே ஆல்பம் மோனோ, ஸ்டீரியோ, டீலக்ஸ்னு ரெண்டு மூணா காட்டுது, ஹெட்போன்ல போட்டா சில பாட்டுல குரல் ஒரு பக்கம் வாத்தியம் ஒரு பக்கம்னு பிரிஞ்சு கேட்டு தலையே வலிக்குது, ஹெட்போன் போச்சா இல்ல ரெக்கார்டிங்கே அப்படியா, எதக் கேக்கணும், பழைய எல்.பி. (இசைத்தட்டு) ஒண்ணு விலைக்கு வருது அத வாங்கலாமா?

ஹெட்போன் நல்லாத்தான் இருக்கு, வாரண்டி கார்டெல்லாம் தேட வேணாம். மோனோவுல கேளுங்க, அதாவது ரெண்டு காதுக்கும் ஒரே சத்தம் வர்றது; இடது வலதுக்கு தனித்தனி சத்தம் வந்தா அது ஸ்டீரியோ. அவசரமா இருக்கவங்க இதோட எழுந்து போயிடலாம், ஏன் மோனோன்னு தெரிஞ்சுக்கணும்னா உக்காருங்க.

இந்த ஆல்பம் வந்தது 1964 ஆகஸ்ட் கடைசில. அப்போ அமெரிக்காவுல பசங்க பாப் பாட்டு கேட்டதெல்லாம் ஏ.எம். ரேடியோவுல, கையில ஒரு ட்ரான்சிஸ்டர் இல்லன்னா கார் டேஷ்போர்டுல ஒரே ஒரு ஸ்பீக்கர், அவ்ளோதான். இத வெளியிட்ட மோட்டவுன் கம்பெனி இருந்த டெட்ராய்ட்டோ காருக்குன்னே பொறந்த ஊரு, ஓனர் பெர்ரி கோர்டியே அதுக்கு முன்னாடி கார் ஃபேக்டரில அசெம்ப்ளி லைன்ல நின்னவர். அதனால அங்க மிக்ஸ் (குரல், வாத்தியம் எல்லாத்தையும் அளவு பாத்து சேக்கறது) முடிஞ்சதும் பெரிய ஸ்பீக்கர்ல மட்டும் கேட்டுட்டு விட மாட்டாங்க, கார்ல இருக்க மாதிரி ஒரு சின்ன ஸ்பீக்கர்லயும் போட்டுப் பாப்பாங்க, அதுல எடுபட்டாதான் அந்த மிக்ஸ் வெளிய போகும். அப்படி ஒவ்வொண்ணா பாத்துப் பாத்து பண்ணது மோனோ மிக்ஸ். ஸ்டீரியோ, வீட்ல பெரிய செட் வச்சிருந்த கொஞ்ச பேருக்காக கூடவே போட்டது.

அந்தக் காலத்துல மூணு ட்ராக் டேப்லதான் (சத்தத்த மூணு தனி வரிசையில பதியற டேப்) பதிவு பண்ணாங்க, ரிதம் மொத்தமும் ஒரு ட்ராக்ல, குரல் ஒண்ணுலன்னு கொட்டி வச்சிருப்பாங்க, அத வச்சு ஸ்டீரியோ பண்ணுன்னா பாவம் இன்ஜினியர் என்ன பண்ணுவார், இத இடது பக்கம் அத வலது பக்கம்னு தள்ளி விடத்தான் முடியும். சாதத்தையும் கொழம்பையும் ரெண்டு கிண்ணத்துல குடுத்து நீயே பிசைஞ்சுக்கோன்னு சொல்ற மாதிரிதான். ஸ்பீக்கர்ல கேட்டா ரூம்ல ரெண்டும் கலந்துடும், ஹெட்போன்ல கலக்க வழியே இல்ல, அதான் உங்களுக்கு தலைவலி.

டைட்டில் பாட்டையே எடுத்துக்குவோம். ஆரம்பத்துல தம் தம்னு ஒரு மிதி வருது பாருங்க, அது ட்ரம்ஸ் இல்ல. மைக் வால்வானோன்னு ஒருத்தர் ரெண்டு பலகைய போட்டு அது மேல ஷூ காலால மிதிச்சது. பாட்டு முழுக்க அந்த மிதிதான் நடக்குது, அது மேல ஜேம்ஸ் ஜேமர்சனோட பேஸ் கிட்டார், நடுவுல மைக் டெரியோட பாரிடோன் சாக்ஸபோன் வந்து கொஞ்சம் கரகரன்னு பேசிட்டுப் போகும், இதெல்லாத்துக்கும் மேல குரூப்போட லீட் சிங்கர் டயானா ராஸ் அலட்டிக்காம பாடுறாங்க. மோனோவுல மிதி, பேஸ், குரல் மூணும் ஒரே புள்ளியில இருந்து நெஞ்சுல வந்து இடிக்கும். ஸ்டீரியோவுல அந்த இடி செதறிடும், என் காதுக்கு பாட்டே அரை உசுரா தெரியும்.

அந்தக் குரல் பத்தி ஒரு தகவல். டயானா அதுக்கு முன்னாடி மூக்கால மேல் ஸ்தாயில பாடிட்டு இருந்தவங்க. இந்தப் பாட்ட மோட்டவுன்ல பாட்டு எழுதுன மூவர் கூட்டணி ஹாலண்ட்-டோசியர்-ஹாலண்ட் முதல்ல அதே கம்பெனியோட மார்வலட்ஸ் குரூப்ப மனசுல வச்சு பண்ணதாவும், அவங்க வேணாம்னுட்டதாவும், அந்தக் குரூப்போட லீட் சிங்கருக்கு ஏத்த கீழ் ஸ்ருதியிலயே ட்ராக் இருந்ததால டயானா இறங்கிப் பாட வேண்டியதா போச்சுன்னும் சொல்வாங்க. வேண்டா வெறுப்பா பாடுன பாட்டுதான் அவங்கள எங்கயோ கொண்டு போய் வச்சுது.

சரி, எந்த வெர்ஷன். ஆப்ல மோனோன்னு போட்டது இருந்தா கண்ண மூடிட்டு அதையே போடுங்க. இல்லன்னா "தி கம்ப்ளீட் மோட்டவுன் சிங்கிள்ஸ்"னு ஒரு தொகுப்பு வரிசை இருக்கு, அதுல 1964-க்கான நாலாவது வால்யூம தேடுங்க, அன்னைக்கு ரேடியோவுல ஓடுன சிங்கிள் (ஆல்பமா இல்லாம தனிப் பாட்டா வந்த தட்டு) மிக்ஸ் அதுல இருக்கு, மத்த மோட்டவுன் ஆளுங்க பாட்டும் போனஸ். கூடுதல் பாட்டு சேத்த டீலக்ஸ் எல்லாம் ஆல்பம் பிடிச்சுப் போனதுக்கு அப்புறம் பாத்துக்கலாம்.

ரெண்டும் கெடைக்கலன்னா போன்லயே ஆக்சஸபிலிட்டி செட்டிங்ஸ்குள்ள மோனோ ஆடியோன்னு ஒரு ஸ்விட்ச் இருக்கும், ஐபோன், ஆண்ட்ராய்டு ரெண்டுலயும் இருக்கு, ஆன் பண்ணா ரெண்டு காதுக்கும் ஒரே சத்தம் வரும், தலைவலி போயிடும். ஆனா அது ஒரிஜினல் மோனோ மிக்ஸ் ஆகாது. ஸ்டீரியோவ மடிச்சு ஒண்ணாக்கும்போது நடுவுல வச்சிருந்த சத்தம் மட்டும் ஓரத்துல இருக்கறதவிட தூக்கலா ஆயிடும், பேலன்ஸ் மாறும். அவசரத்துக்கு ஓகே. பேஸ் பூஸ்ட் எல்லாம் ஆஃப் பண்ணிடுங்க, ஜேமர்சன் வாசிச்சது தனித்தனி நோட்டா கேக்கணும், பொதபொதன்னு இல்ல. வீட்ல ஒத்த ப்ளூடூத் ஸ்பீக்கர் இருந்தா இந்த ஆல்பத்துக்கு அது காஸ்ட்லி ஹெட்போன விட மேல், நெசமாத்தான் சொல்றேன்.

ஸ்டீரியோவுக்கு ஒரு உபயோகம் இல்லாம இல்ல. குரூப்ல மத்த ரெண்டு பேர் மேரி வில்சனும் ஃப்ளாரன்ஸ் பல்லார்டும் பின்னாடி என்ன பாடுறாங்கன்னு பிரிச்சுக் கேக்கணும்னா அது உதவும், ஹார்மனி கத்துக்கறவங்க ஒரு காத கழட்டிட்டுக் கேட்டுப் பாக்கலாம்.

இன்னொண்ணு நீங்க கேக்கல, நானே சொல்றேன். இத ஒண்ணாம் பாட்டுல இருந்து வரிசையா கேக்காதீங்க. இது உக்காந்து ப்ளான் பண்ணி எடுத்த ஆல்பம் இல்ல, ஒரு வருஷத்துக்கு மேல சிங்கிளா வந்ததும் வராததுமா சேத்துக் கட்டுனது. அதனால வந்த வரிசையில கேளுங்க: முதல்ல 1963-ல வந்த "எ பிரெத்டேக்கிங் கை", மோட்டவுன் பாடகர் ஸ்மோக்கி ராபின்சன் எழுதுனது, கோரஸ் வரிய மூணு பேரும் துண்டு துண்டா பங்கு போட்டுப் பாடுவாங்க, மூணு குரலையும் அடையாளம் புடிக்க அத விட்டா வேற எடம் இல்ல. அடுத்து "வென் த லவ்லைட் ஸ்டார்ட்ஸ் ஷைனிங்", அப்புறம் "ரன் ரன் ரன்", கடைசில டைட்டில் பாட்டு. அமெரிக்காவோட ஹிட் பாட்டு பட்டியலான பில்போர்டு ஹாட் 100-ல இந்த நாலும் தொட்ட இடம் முறையே 75, 23, 93, அப்புறம் 1. அந்த 93 வந்தப்போ கம்பெனிக்குள்ளயே இவங்கள "ஹிட்டே இல்லாத சுப்ரீம்ஸ்"னு கிண்டல் பண்ணிட்டு இருந்தாங்க, அடுத்த சிங்கிள்ல நம்பர் ஒன்! ஆல்பம் வந்த பிறகு "பேபி லவ்", "கம் சீ அபவுட் மீ" ரெண்டும் சிங்கிளா வந்து அதுவும் நம்பர் ஒன், ஒரே ஆல்பத்துல மூணு நம்பர் ஒன்ங்கிறது அதுக்கு முன்னாடி யாருக்கும் நடக்காதது. வரிசையா கேட்டீங்கன்னா முதல் ரெண்டு மூணு பாட்டுல கூச்சலா எல்லாத்தையும் போட்டு நெரிச்சவங்க, டைட்டில் பாட்டுல பாதிய எடுத்து வெளிய வச்சுட்டாங்கன்னு தெரியும்.

எல்.பி. விஷயம். அட்டையிலயும் லேபிள்லயும் 621-னு நம்பர் இருக்கும், அதுக்கு முன்னாடி எஸ் எழுத்து இருந்தா ஸ்டீரியோ, இல்லன்னா மோனோ. ஸ்டீரியோன்னு அதிக விலை சொன்னா மசியாதீங்க, உங்களுக்கு வேண்டியது மோனோதான். உங்க ப்ளேயர்ல இருக்க ஸ்டீரியோ ஊசியிலயே மோனோ தட்டு ஓடும், ஆம்ப்ளிஃபயர்ல மோனோ பட்டன் இருந்தா அமுக்கிடுங்க, மோனோ பாட்டு பள்ளத்துல பக்கவாட்டுல மட்டும்தான் செதுக்கியிருக்கும், அமுக்குனதும் மேல கீழ ஆடுறதால வர்ற கரகரப்பு நிறைய அடங்கிடும். அட்டை கிழிஞ்சிருந்தா பரவால்ல, தட்ட லைட்டுக்கு நேரா சாச்சுப் பாருங்க, கறுப்பு பளபளன்னு இல்லாம சாம்பல் பூத்த மாதிரி இருந்தா பழைய கனமான ஊசி அரைச்சு வச்சிருக்குன்னு அர்த்தம், எவ்ளோ கழுவினாலும் திரும்பாது, அத அங்கயே வச்சுட்டு வந்துடுங்க.