ஸ்டென்ட் சீராக விரியாவிட்டால் அங்கே மறுபடி அடைப்பு வருவது ஏன்?

ஸ்டென்ட் என்பது இதய ரத்தக்குழாயை விரித்துப் பிடிக்கும் சின்ன வலைக்குழாய். பலூனால் அதை விரிக்கும்போது குழாயின் உள்சுவரில் காயம் படும். ஆறும்போது புதுத் திசு படர்வது இயல்புதான். சுவரில் சுண்ணாம்பு படிந்து கல்லாகியிருந்தால் ஸ்டென்ட் அங்கே முழுதாக விரியாது. 3 மி.மீ. விரிந்த இடத்தில் சுற்றிலும் அரை மி.மீ. திசு வளர்ந்தாலும் 2 மி.மீ. வழி மிஞ்சும். 2 மி.மீ. மட்டுமே விரிந்த இடத்தில் மிஞ்சுவது 1 மி.மீ.தான். அகலத் தெருவில் இருபுறமும் திண்ணை கட்டினாலும் வண்டி போகும், சந்தில் கட்டினால்? அப்புறம், ஸ்டென்டின் கம்பிகள் விலகி நிற்கும் பக்கம், அவற்றின்மேல் பூசியிருக்கும், திசு வளர்ச்சியை அடக்கும் மருந்தும் சரியாகச் சேராது.

“ஸ்டென்டுக்குள் திரும்பக் கொழுப்பு அடைத்துவிட்டது” என்பார்கள். முதல் சில மாதங்களில் அடைப்பது பெரும்பாலும் காயம் ஆற வளர்ந்த இந்தத் திசுதான்.