உபுண்டுவின் அடுத்த பதிப்பில் இந்த வசதி வேண்டும் என்று நாம் சொன்னால் கேட்பார்களா?

கேட்பார்கள். ஆனால் எத்தனை பேர் கேட்டார்கள் என்று தலையை எண்ணிச் செய்ய மாட்டார்கள்.

சாதாரணப் பயனர் யோசனை சொன்னால் பலன் உண்டா, உண்டென்றால் நீங்கள் எதைக் கேட்பீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். விண்டோஸுக்கு மாற்றாக, லினக்ஸ் அடிப்படையில் வரும் இயங்குதளம் உபுண்டு. வேலைக்கும் வீட்டுக்கும் நான் அதைத்தான் ஓட்டுகிறேன். அலுவலகத்தில் மற்றவர்களின் மெஷின்களையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பல பதிப்புகளைப் பார்த்த பிறகு எனக்குப் பட்டது இதுதான்: ஒரு வசதிக்காக எத்தனை பேர் ஏங்குகிறார்கள் என்பது பெரிய விஷயமில்லை, அந்த வேலையை இழுத்துப் போட்டுச் செய்ய ஓர் ஆள் கிடைத்தாரா என்பதுதான் விஷயம்.

ஓட்டெடுப்பையும் ஒரு காலத்தில் முயன்று பார்த்திருக்கிறார்கள். 2008 பிப்ரவரியில் உபுண்டு பிரெயின்ஸ்டார்ம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். யார் வேண்டுமானாலும் யோசனை எழுதலாம், மற்றவர்கள் ஆதரித்தும் எதிர்த்தும் ஓட்டுப் போடலாம். டெல் நிறுவனம் அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கிய ஐடியாஸ்டார்ம்தான் இதற்கு முன்மாதிரி. அங்கே 'லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர் விற்க வேண்டும்' என்ற கோரிக்கை விறுவிறுவென்று மேலே ஏறியது. 2007 மே மாதத்திலேயே டெல் உபுண்டு போட்ட மெஷின்களை விற்க ஆரம்பித்துவிட்டது. கம்ப்யூட்டர் விற்பது டெல்லின் தொழில், அதற்கு ஆளும் பணமும் அவர்களிடமே இருந்தன, நடந்துவிட்டது. உபுண்டுவின் நிலை வேறு. ஓட்டுப் போட்டவர்கள் ஒரு பக்கம், கோட் எழுத வேண்டியவர்கள் இன்னொரு பக்கம். அதிலும் பலர், உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனத்தில் சம்பளம் வாங்குகிறவர்களே இல்லை. 2010 டிசம்பரில் கனோனிக்கலின் அன்றைய சிடிஓ (தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி) மாட் சிம்மர்மன், முன்னணியில் இருந்த 10 யோசனைகளை எடுத்து முறையாகப் பதில் சொல்ல வைத்தார். நல்ல முயற்சிதான். இருந்தும் சில ஆண்டுகளில் கடையைக் கட்டிவிட்டார்கள்.

அதே 2010-இல்தான் ஜன்னலின் மூடும் பொத்தான்களை வலப்புறத்திலிருந்து இடப்புறம் தூக்கிப் போட்டார்கள். 10.04 (அதாவது 2010 ஏப்ரல் பதிப்பு, எண்ணே ஆண்டும் மாதமும்தான்) வெளிவருவதற்கு முன்பே பக் ரிப்போர்ட்டில், அதாவது பிழைகளைப் பதியும் பக்கத்தில், ஒரே ரகளை. உபுண்டுவைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த் வந்து, இது ஜனநாயகமல்ல, டிசைனை ஓட்டுப் போட்டு முடிவு செய்வதில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அன்று பலருக்குக் கோபம் வந்தது. எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது. 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்' என்று சொல்லிவிட்டுக் குப்பையில் போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

யூனிட்டி என்ற டெஸ்க்டாப் வந்த புதிதில் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்த, செயலிகளைத் திறக்கும் லாஞ்சர் பட்டை ஞாபகம் இருக்கிறதா? அதைக் கீழே நகர்த்த விடுங்கள் என்று 2010 அக்டோபரிலேயே ரிப்போர்ட் பதிவாகிவிட்டது. முடியாது, அது டிசைனின் ஒரு பகுதி என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு ஐந்து வருடம் அதே வேண்டுகோள், அதே பதில். கடைசியில் 16.04-இல் கீழே நகர்த்தும் வசதி வந்தது. வேண்டுகோள் குவிந்ததைப் பார்த்து யாருடைய மனமும் இளகிவிடவில்லை. சீனப் பயனர்களுக்காக வேலை செய்யும் உபுண்டு கைலின் குழுவுக்குப் பட்டை கீழே தேவைப்பட்டது, அவர்களே கோட் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறான கதை விஎல்சி. 2017-இல் கனோனிக்கலில் தயாரிப்புப் பொறுப்பில் இருந்த டஸ்டின் கர்க்லேண்ட், 18.04-இல் எந்தெந்தச் செயலிகள் இயல்பாக இருக்க வேண்டும் என்று பொதுவில் கேட்டார். 15,000-க்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன. வீடியோ பிளேயரில் விஎல்சி அமோக வெற்றி. 18.04 வந்தபோது உள்ளே இருந்தது பழைய டோட்டம்தான். ஜன்னலும் பொத்தானும் வரைய விஎல்சி பயன்படுத்துவது க்யூடி லைப்ரரி, உபுண்டுவின் டெஸ்க்டாப்பான க்னோமோ ஜிடிகே. வீடியோ பார்ப்பதற்காக இன்னொரு கூட்டம் லைப்ரரிகளையும் சுமப்பானேன் என்று நினைத்திருக்கலாம், இது என் கணிப்பு. ஆனால் அதே சமயத்தில், பழைய ஆரஞ்சு-கருப்பு தோற்றம் அலுத்துப்போன சில பயனர்கள், 'புதிய தீம் வேண்டும்' என்பதோடு நிற்காமல் தாங்களே கூடி வரைய ஆரம்பித்தார்கள். முதலில் கம்யூனிதீம் என்று பெயர், பிறகு யாரு. 2018 அக்டோபரில் 18.10-இன் இயல்புத் தோற்றமே அதுதான், இன்றைக்கும் அதன் வாரிசுதான் உங்கள் திரையில் இருக்கிறது. பதினைந்தாயிரம் பேர் கேட்டும் நடக்காததை ஒரு கைப்பிடி ஆட்கள் செய்துவிட்டார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நீங்கள் உபுண்டுவிடம் கேட்பது பல நேரங்களில் உபுண்டுவின் கையிலேயே இருக்காது, க்னோம் போன்ற வேறு குழுவினர் செய்வதாக இருக்கும். இதற்கு எனக்குத் தெரிந்த மகா உதாரணம் ஃபைல் தேர்வு ஜன்னல். ஒரு ஸ்டூடியோக்காரர் கல்யாணப் படங்களை எங்கேயோ ஏற்ற வேண்டும் என்று வையுங்கள். முன்பெல்லாம் 'ஃபைலைத் தேர்ந்தெடு' என்று அழுத்தினால் ஜன்னல் திறக்கும், அதில் ஐஎம்ஜி_4471, ஐஎம்ஜி_4472, ஐஎம்ஜி_4473 என்று வரிசையாகப் பெயர்கள். எந்தப் படத்தில் மாப்பிள்ளை கண்ணை மூடியிருக்கிறார் என்று எப்படித் தெரியும்? ஒவ்வொன்றாக அழுத்தி ஓரத்தில் வரும் முன்னோட்டத்தைப் பார்க்க வேண்டியிருந்தது, இல்லையென்றால் ஃபைல் மேனேஜரைத் தனியாகத் திறந்து பெயரைக் குறித்துக்கொண்டு வர வேண்டியிருந்தது. சின்னச் சின்னப் படங்களாகக் காட்டுங்கள் என்ற கோரிக்கை ஜிடிகேவில் 2004-இல் பதிவானது. உபுண்டுவின் முதல் பதிப்பு வந்ததும் அந்த ஆண்டுதான். அந்தக் கோரிக்கை நிறைவேறி வெளிவந்தது 2023 மார்ச்சில், க்னோம் 44-இல். நடுவில் ஒரு தலைமுறையே பள்ளிக்கூடம் முடித்துவிட்டது. இதில் உபுண்டுவை எத்தனை திட்டியும் பயனில்லை, வேலை நடக்க வேண்டிய இடம் வேறு.

ஆனால் அப்படி மற்ற குழுக்களிடமிருந்து வருவதை உபுண்டு கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்வதும் இல்லை. க்னோம் 3.28-இல் டெஸ்க்டாப்பில் ஐகான் வைக்கும் வசதியை ஃபைல் மேனேஜரான நாட்டிலஸிலிருந்து எடுத்துவிட்டார்கள். 18.04-இல் க்னோம் 3.28 இருந்தது, நாட்டிலஸ் மட்டும் பழைய 3.26. ஐகான் போய்விட்டால் அலுவலகங்களில் என்ன கூச்சல் கிளம்பும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இதிலிருந்து எனக்குத் தோன்றும் இன்னொரு விஷயம்: 'கொண்டு வா' என்பதைவிட 'எடுக்காதே' என்பது சீக்கிரம் காதில் விழும். 2019 ஜூன் 18-ஆம் தேதி, 19.10 முதல் பழைய வகை மெஷின்களுக்கான 32-பிட் பேக்கேஜ்களை நிறுத்துகிறோம் என்று அறிவித்தார்கள். 32-பிட் மெஷின்கள் அருகிவிட்டன, உண்மைதான். ஆனால் 64-பிட் மெஷினிலும் பழைய விளையாட்டுகளுக்கும், விண்டோஸ் செயலிகளை ஓட்ட உதவும் வைனுக்கும் 32-பிட் லைப்ரரிகள் வேண்டும். ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் தரப்பிலிருந்து, அப்படியென்றால் 19.10-ஐ ஆதரிக்க மாட்டோம் என்று சொன்னார்கள். ஒரே வாரத்துக்குள், 24-ஆம் தேதி, தேவையான 32-பிட் பேக்கேஜ்கள் மட்டும் தொடரும் என்று கனோனிக்கல் இறங்கி வந்தது. இன்னொரு லினக்ஸ் வகையான ஃபெடோராவிலும் 2025-இல் இதே கதை நடந்தது: 32-பிட்டை நிறுத்தலாம் என்ற முன்மொழிவு வந்தது, எதிர்ப்பு கிளம்பியது, சில நாட்களில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இரண்டு இடத்திலும் எதிர்த்தவர்கள் வெறுமனே 'அநியாயம்' என்று சொல்லவில்லை, எது எது உடையும் என்று பட்டியல் போட்டுச் சொன்னார்கள்.

ஓட்டுப் போட்டு மாறிய ஒன்று வேண்டுமானால், உபுண்டுவுக்கே அடிப்படையான டிபியனைப் பாருங்கள். டிபியனைப் புதிதாக நிறுவுகிறவர் வைஃபையே தெரியாமல் முழிப்பது வழக்கமாக இருந்தது. வைஃபை சிப்புக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர் கட்டற்றது (யாரும் படித்து மாற்றக்கூடியது) அல்ல என்பதால் அதிகாரப்பூர்வ ஐஎஸ்ஓவில், அதாவது நிறுவுவதற்கான ஃபைலில், வைக்க மாட்டார்கள். ஃபர்ம்வேர் சேர்த்த இன்னொரு ஐஎஸ்ஓ இருந்தது, ஆனால் தேடினால்தான் கிடைக்கும் மூலையில். 2022-இல் டிபியன் உருவாக்குநர்கள் பொது வாக்கெடுப்பு நடத்தி, தங்கள் சமூக ஒப்பந்தத்தையே திருத்தி, ஃபர்ம்வேரை உள்ளே விட முடிவு செய்தார்கள். 2023 ஜூன் 10-இல் வந்த டிபியன் 12-ஐப் போட்டவர்களில் பலருக்கு வைஃபை நிறுவும்போதே தெரிந்தது. கவனியுங்கள், ஓட்டுப் போட்டது டிபியனில் வேலை செய்கிறவர்கள், பயனர்கள் இல்லை. பயனர்களின் புலம்பல் அவர்கள் காதுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது, அவ்வளவே.

சரி, நான் எதைக் கேட்பேன்? ஹைபர்னேட். கரண்ட் போகும் ஊரில் இருப்பவனுக்கு இதைவிடப் பெரிய ஆசை இல்லை. வேலையை அப்படியே டிஸ்க்கில் எழுதிவிட்டு மெஷின் முழுதாக அணைய வேண்டும், மறுநாள் திறந்தால் விட்ட இடத்தில் நிற்க வேண்டும். உபுண்டுவில் 12.04-இலிருந்து இது இயல்பாக முடக்கப்பட்டிருக்கிறது. சில மெஷின்களில் ஒழுங்காக எழுந்திருக்கவில்லை, எழுந்திருக்காவிட்டால் சேமிக்காத வேலை போச்சு என்பதுதான் காரணம். நாமே செய்துகொள்ளலாம்: ரேமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதி வைக்கும் ஸ்வாப் ஃபைலை ரேம் அளவுக்குப் பெரிதாக்கி, டிஸ்க்கில் அது எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த எண்ணை, மெஷினைத் தொடங்கி வைக்கும் கிரப்பின் வரியில் ரிஸ்யூம் ஆஃப்செட் என்று கொடுக்க வேண்டும். இவ்வளவும் செய்து முடித்தாலும், செக்யூர் பூட் (கையொப்பமுள்ள மென்பொருளை மட்டும் தொடங்க விடும் பாதுகாப்பு) இயக்கத்தில் இருந்தால், இயங்குதளத்தின் மையமான கெர்னல் மறுத்துவிடும். டிஸ்க்கில் எழுதிய நினைவகப் படத்தை யாராவது மாற்றிவிட்டால் மறுபடி எழும்போது அதை நம்பி ஏற்ற வேண்டியிருக்கும், அதனால் கெர்னலின் லாக்டவுன் என்ற பாதுகாப்பு அதை அனுமதிப்பதில்லை. அப்போது செக்யூர் பூட்டை அணைப்பதா, ஹைபர்னேட்டை விடுவதா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆகவே 'ஹைபர்னேட் வேண்டும்' என்று நான் ஒற்றை வரி எழுதிப் போட்டால் அது எங்கேயும் நகராது. கையொப்பத்துடன் நினைவகப் படத்தை எழுதும் வேலை கெர்னலில் நடக்க வேண்டும். உபுண்டு தன் அளவில் செய்யக்கூடியது சின்னது: நிறுவும்போதே 'ஹைபர்னேட் தேவையா' என்று கேட்டு, ஆம் என்றால் ஸ்வாப்பை அந்த அளவுக்கு ஒதுக்கி, ரிஸ்யூம் எண்ணைத் தானே எழுதிவிடலாம். செக்யூர் பூட் இருந்தால் நடக்காது என்று அங்கேயே சொல்லிவிடலாம். நான் கேட்பது இதை மட்டும்தான். இன்ஸ்டாலரில் ஒரு திரை. இது ஒருவர் எடுத்துச் செய்து முடிக்கக்கூடிய அளவு.

கூடவே ஒரு சின்ன ஆசை: ஆங்கிலத்தில் நிறுவிய மெஷினில் தமிழ்99 விசைப்பலகை வேண்டுமென்றால் ஐபஸ்-எம்17என் பேக்கேஜைத் தனியாகப் போட வேண்டியிருக்கிறது. இந்தியாவை இடமாகத் தேர்ந்தெடுத்தவர்களிடமாவது 'இதையும் போடட்டுமா' என்று ஒரு வார்த்தை கேட்கலாம்.

உங்களுக்கும் அப்படி ஏதாவது இருந்தால், நேரம் பார்த்துச் சொல்லுங்கள். ஏப்ரல் பதிப்புக்குப் பிப்ரவரியிலேயே, புது வசதிகளுக்குக் கதவடைக்கும் ஃபீச்சர் ஃப்ரீஸ் வந்துவிடும். 24.04-க்கு அது 2024 பிப்ரவரி 29. அதற்குப் பிறகு புது வசதி நுழைய வேண்டுமானால் தனியாக விதிவிலக்கு வாங்க வேண்டும், மார்ச்சில் போய்க் கேட்டால் அடுத்த பதிப்புக்குத்தான். வெளிவந்த எல்டிஎஸ்ஸில் (நீண்ட கால ஆதரவுப் பதிப்பில்) சேருவது பெரும்பாலும் பிழைத்திருத்தங்கள் மட்டுமே. இடமும் முக்கியம்: இன்ஸ்டாலர், டாக், யாரு போன்றவை என்றால் உபுண்டுவின் லாஞ்ச்பேட் தளம். ஜன்னல், செட்டிங்ஸ், ஃபைல் மேனேஜர் என்றால் க்னோமின் கிட்லேப் தளம். எழுதும்போது 'இது விண்டோஸில் இருக்கிறது' என்று ஆரம்பிக்காதீர்கள், படிக்கிறவர் அங்கேயே நிறுத்திவிடுவார். நீங்கள் என்ன செய்ய முயன்றீர்கள், எந்தத் திரையில் மாட்டிக்கொண்டீர்கள், இப்போது எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எழுதுங்கள். லேப்டாப் மாடலையும் கெர்னல் எண்ணையும் மறக்காதீர்கள். ஒரே ரிப்போர்ட்டில் ஒரே விஷயம். ஐந்து ஆசைகளைக் கோத்து எழுதினால் ஐந்துக்கும் பதில் வராது. பீட்டா வந்ததும் பென்டிரைவில் போட்டு உங்கள் மெஷினிலேயே ஓட்டிப் பாருங்கள், ஏதாவது எடுக்கப்பட்டிருந்தால் கத்துவதற்கு அதுதான் சரியான நேரம்.