பட்டனத் தட்டுறதுல என்ன கலை இருக்கு?

கேள்வி: அய்யா, என் பையன் காலேஜ்ல அனிமேஷன் படிக்கிறான். வீடியோ கேம் செய்யப் போறானாம், அதுவும் கலைதானாம். பெரிய கோயில் சிற்பமும் ஆன்லைன் ரம்மியும் ஒண்ணா? பட்டனத் தட்டுறதுல என்ன கலை இருக்கு? நீங்களே அவனுக்கு புத்தி சொல்லுங்க. – ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: நான் உங்க பையன் பக்கம்தான் அய்யா, அத மொதல்லயே சொல்லிடுறேன்.

ரம்மிய இதுல இழுக்காதீங்க. பணம் வச்சு ஆடுறது வேற சங்கதி. 2025ல மத்திய அரசு கொண்டு வந்த சட்டமே அத தடை பண்ணிட்டு, இ-ஸ்போர்ட்ஸ்னு சொல்ற கேம் போட்டி, சாதாரண கேம் எல்லாத்தையும் தனியா பிரிச்சு வச்சிருக்கு. உங்க பையன் செய்யணும்னு நினைக்கிறது ரம்மி இல்ல.

நியூயார்க்ல மோமான்னு ஒரு பெரிய நவீன கலை மியூசியம், 2012ல பேக்-மேன், டெட்ரிஸ்னு 14 கேம தன்னோட சேகரிப்புல சேத்துச்சு. அவங்க சேத்துட்டாங்க அதனால கலைதான்னு நான் வாதாட வரல. நம்ம டெல்டாவுல வார்த்த சோழர் காலத்து செப்புத் திருமேனி எதுவும் மியூசியத்துக்காக செஞ்சது இல்லியே. பூஜைக்கும் வீதி உலாவுக்கும் செஞ்சது, தூக்கிட்டுப் போக கம்பு சொருகுறதுக்கு பீடத்துலயே ஓட்டையும் வளையமும் வச்சு வார்த்திருக்காங்க, தஞ்சாவூர் கலைக்கூடத்துல போய் பீடத்தக் குனிஞ்சு பாருங்க. ஜனங்க கைபட்டு புழங்கின பொருள்ங்கிறதால அதோட கலை ஒரு துளி குறைஞ்சிச்சா? அப்ப கையால ஆடுறதுங்கிற ஒரே காரணத்துக்காக கேம மட்டும் ஏன் தள்ளி வைக்கணும்?

ரோஜர் ஈபர்ட்னு அமெரிக்காவுல பெரிய சினிமா விமர்சகர், 2010ல வீடியோ கேம் ஒருநாளும் கலையாக முடியாதுன்னு எழுதினாரு. கேம்னா ஜெயிக்கலாம், கலைய ஜெயிக்க முடியாதுங்கிறது அவரு வாதம். ஆனா அதே வருஷம், கேமப் பத்தி சரியா தெரிஞ்சுக்காம அத எழுதியிருக்கக் கூடாதுன்னு அவரே ஒத்துக்கிட்டாரு. அந்த நேர்மைய நான் மதிக்கிறேன், உங்ககிட்டயும் அதத்தான் எதிர்பாக்கிறேன்.

ஜெயிக்கிறது மட்டும்தான் கேமா? 2013ல லூகாஸ் போப்ங்கிற ஒருத்தரு செஞ்ச 'பேப்பர்ஸ், ப்ளீஸ்'ல நீங்க ஒரு எல்லைச் சாவடி அதிகாரி, வர்றவங்க பேப்பர செக் பண்ணி முத்திரை குத்தணும், அவ்ளோதான் வேலை. புருஷன் பேப்பர் சரியா இருக்கும், உள்ள விட்டுடுவீங்க, பின்னாடியே பொண்டாட்டி வருவா, அவகிட்ட ஒரு பேப்பர் இல்ல. விட்டா மொதல்ல எச்சரிக்கை, அப்படியே விட்டுக்கிட்டே இருந்தா சம்பளத்துல பிடிப்பாங்க, அந்த சம்பளத்துலதான் உங்க வீட்டுக்கு சாப்பாடும் குளிருக்கு ஹீட்டரும். சினிமாவுல இதே சீன் வந்தா அந்த அதிகாரிய திட்டிட்டு வெளிய வந்துடலாம். இங்க முத்திரை குத்துறதே உங்க கை, திட்டுறதுக்கு வேற ஆள் கிடையாது. நாவலோ நாடகமோ தர முடியாத ஒரு உணர்ச்சி அது, கேமுக்கு மட்டுமே உள்ள பலம்னு நான் நம்புறேன்.

நம்ம வீட்டுக் கதை வேணும்னா 'வெண்பா'ன்னு ஒரு கேம் இருக்கு. 2023ல வந்தது, கனடாவுல இருக்கிற ஒரு சின்னக் குழு செஞ்சது. 1980கள்ல தமிழ்நாட்டுலேர்ந்து கனடா போன ஒரு அம்மா, அப்பா, அங்க வளர்ற மகன். அம்மாவோட அம்மா எழுதின சமையல் நோட்டு கிழிஞ்சு, எழுத்து அழிஞ்சு கெடக்கு, விட்டுப்போன பக்குவத்த நீங்கதான் யோசிச்சு கண்டுபிடிக்கணும். இட்லித் தட்ட எப்படி அடுக்கினா ஆவி மேல் தட்டு வரைக்கும் போகும்னு தப்புத்தப்பா அடுக்கிப் பாத்துட்டு, சரியா வந்ததும் ஒரு சந்தோஷம் வருது பாருங்க, ஊர விட்டுப் போன ஒருத்தி தன் அம்மாவ கைப்பக்குவத்துலயே தேடுறாங்கிறது அப்பதான் உறைக்குது, யாரும் வசனம் பேசி சொல்லல. அடுப்படி ரேடியோவுல தமிழ் சினிமாப் பாட்டு பாணியில புதுசா போட்ட பாட்டுங்க. மகன் பெரியவனாகி அந்த அடுப்புகிட்ட நிக்கிற இடத்துல எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. 2024ல சினிமாவுக்கும் கேமுக்கும் விருது கொடுக்கிற பிரிட்டனோட பாஃப்டா அமைப்பு சிறந்த முதல் கேம்னு இதுக்கு விருது கொடுத்துச்சு.

எல்லா கேமும் இப்படி இல்லதான். பிள்ளைங்க கையில இருக்கிற காச உருவுறதுக்குன்னே செஞ்ச கேம் நிறைய இருக்கு, அத செய்யிறவங்க மேல எனக்கு கோவமே இருக்கு. உங்க பையன் அந்த மாதிரி கம்பெனியில போய் சேந்தா நீங்க சண்டை போடுங்க, நானும் கூட வர்றேன். ஆனா மட்டமான படம் நூறு வருதுன்னு சினிமாவே கலை இல்லன்னு யாரும் சொல்றது இல்ல.

ஒண்ணு செய்ங்க அய்யா. இந்த ஞாயித்துக்கிழமை பையன் பக்கத்துல உக்காந்து 'வெண்பா'வ நீங்களே ஆடுங்க, அவன் ஆடி நீங்க வேடிக்கை பாக்கக் கூடாது. ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும். அப்புறமும் இதுல கலை எதுவும் இல்லன்னு தோணுச்சுன்னா ஏன்னு விவரமா எழுதுங்க, ஒரு வரி வெட்டாம இதே பக்கத்துல போடுறேன்.